மாமனார் பந்தலில் புழு பொறுக்கிய கதை

எனக்குப் பெண் கிடைத்தது படிப்பாலோ அழகாலோ அல்ல; புழு பொறுக்கியதால். (அழகைப் பற்றி என் மனைவி தனியாகச் சொல்வாள்.)

எண்பதுகளில் போடியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். சிலமலையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. அந்த வருஷம் இலை முழுக்கப் புழு. பெண்ணுக்குப் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன்பே மருமகனைச் சோதித்துவிட நினைத்தார் போல.

"மாப்ளே, நம்ம பந்தலுக்கு ஒரு வழி பண்ணுங்க."

அப்போதுதான் ஒரு புது மருந்து வந்திருந்தது. புழு தோலை உரித்து உரித்துத்தான் வளரும். மருந்து பட்ட இலையைத் தின்ற புழுவுக்குப் புதுத் தோல் சரியாக உருவாகாது. அடுத்த உரிப்பில் செத்துப்போகும். அதற்கு நாலைந்து நாள் ஆகும். அதை மட்டும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. மருந்தை அடித்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் பாருங்க மாமா, ஒத்தப் புழு இருக்காது" என்று அளந்துவிட்டேன்.

"அப்பிடி நடந்தா மறுநாளே பூ வச்சிருவோம். நடக்கலேன்னா யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் ஏலக்காய்த் தோட்டத்துச் சோலியாகப் போடிமெட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், புழுக்கள் பந்திக்கு முந்திய சம்பந்திகள் மாதிரி தின்றுகொண்டிருந்தன. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கி மண்ணெண்ணெய் வாளியில் போட ஆரம்பித்தேன். அண்ணாந்தே நின்றதில் கழுத்து பிடித்துக்கொண்டது. (சட்டைக்குள் இறங்கிய ரெண்டு புழுக்களைப் பற்றிப் பேச விரும்பவில்லை.)

மத்தியானம் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "இதுதான் அந்தப் புது மருந்தா?"

கல்யாணப் பெண் செல்வி, கையில் மோர்ச் செம்போடு நின்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மருந்து வேலை செய்ய நாலு நாளாகும். உங்கப்பாகிட்ட ஒரே நாள்னு சொல்லித் தொலச்சிட்டேன்."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். "வெரசா பொறுக்குங்க. அப்பா நாலு மணிக்கு வந்துரும்."

அந்த நிமிஷமே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

மாமா மூணு மணிக்கே வந்து நின்றார். வாளியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார்.

"வாய் கொஞ்சம் நீளந்தேன். ஆனா கையும் வேலை செய்யிது. பூ வச்சிருவோம்."

அஞ்சாம் நாள், எங்கள் கைக்குத் தப்பிய புழுக்கள் பாதி உரிந்த தோலோடு கறுத்துத் தொங்கின. மாமாவை இழுத்துப் போய்க் காட்டினேன். "வெயில்ல செத்துருக்கும் மாப்ளே" என்றுவிட்டார்.

இப்போது அந்தப் பந்தலை என் மச்சினன் பார்த்துக்கொள்கிறான். ஒரு புழு தென்பட்டால் போதும், உடனே செல்விக்குப் போன் வந்துவிடும்:

"அக்கா, மருந்தெல்லாம் வேணாம். மச்சான பஸ்சு ஏத்தி விடு."