அக்காவைத் திருப்பி அனுப்பிய குறட்டை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் வீட்டுக் குறட்டைக்குக் காரணம் நீங்கள்தான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அங்கே அத்தையும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்று காலை "உங்க பொண்ணு குறட்டை விடுறா, வைத்தியம் பாத்து அனுப்புங்க" என்று அக்காவைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனீர்கள். மிக்ஸி ஓடவில்லை என்று போனால்கூட கடைக்காரன் முதலில் பிளக்கைச் சொருகிப் பார்ப்பான். நீங்களும் சோதனை செய்யாமல் இல்லை. மத்தியானம் அக்காவை ஹால் சோபாவில் படுக்கவைத்து, அத்தையும் மாமாவும் பக்கத்து வீட்டு அம்மாளும் சுற்றி நாற்காலி போட்டு நீதிபதிகள் மாதிரி உட்கார்ந்தார்களாமே. அதைப் போனில் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பிவைத்ததற்கு நன்றி. முழுக்கக் கேட்டேன். கடைசியில் அக்கா, "மாமா, நாற்காலியிலேயே தூங்கினா கழுத்து வலிக்கப்போகுது, உள்ள போய்ப் படுங்க" என்கிறாள். அதற்குப் பிறகும் குறட்டை நிற்கவில்லை. பேசிக்கொண்டே குறட்டை விடுகிற வித்தையை என் அக்கா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்?

நான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் டோக்கன் கூப்பிடுகிறவள். குறட்டைக்காரர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கழுத்துச் சதை பெருத்தால் மூச்சுப் போகிற வழியை அமுக்கும். உங்கள் சட்டையில் கழுத்துப் பித்தான் மூடி நான் பார்த்ததில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். நீங்கள் படுப்பதே மல்லாந்துதான், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடமில்லாமல். குடித்தால் தொண்டைத் தசை தளரும், சிகரெட் பிடித்தால் தொண்டை வீங்கும். சனிக்கிழமையானால் உங்களுக்கு இரண்டும் உண்டு. மூக்கெலும்பு வளைந்திருந்தாலும் வரும். அது மட்டும் உங்களுக்கு நேராக இருக்கிறது, வாழ்த்துகள். இத்தனையும் வச்சுக்கிட்டு நீங்க குறட்டை விட்டா "பாவம், உழைச்ச களைப்பு"ன்னு உங்க அம்மா கதவை மெதுவாச் சாத்துறாங்க. வேலைக்கும் போயிட்டு வந்து, உங்க மூணு பேருக்கும் சமைச்சுக் கொட்டிட்டுப் படுக்கிறவளுக்கு மட்டும் களைப்பு கிடையாது, வியாதி! என்ன நியாயம் இது? நான் பொறந்ததிலேருந்து அவ கல்யாணம் வரைக்கும் அவ பக்கத்துலதான் படுத்திருந்தேன். என் அக்கா மூச்சு விடுறதே வெளிய தெரியாது.

ஆகவே நீங்களே நேரில் வந்து, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அக்காவை அழைத்துப்போக வேண்டும். வந்த கையோடு எங்கள் டாக்டரிடம் உங்களையும் காட்டிக்கொள்ளலாம். சொந்தக்காரர் என்பதற்காக வரிசையில் முன்னால் விடமாட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். உங்களுக்கு நல்ல தூக்கம் அமையட்டும், ஒருக்களித்து.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனி

பி.கு.: அக்கா குறட்டை விடமாட்டாள் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி இதோடு வைத்து அனுப்பலாமென்று இன்று சாயங்காலமே அவளை அழைத்துப்போனேன். காத்திருந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அதற்கப்புறம் நான் கூப்பிட்ட டோக்கன் எண் ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்படி ஒரு குறட்டை. டாக்டர் அவள் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார்.

"உள்சதை வீங்கியிருக்கு. எவ்ளோ நாளாம்மா இப்படி?"

"ஒரு மாசமா டாக்டர்."

"நாள் தள்ளிப்போயிருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டர் அவளை மாடியில் இருக்கிற லேடி டாக்டரிடம் அனுப்பினார். கர்ப்பமானால் சிலருக்கு மூக்குக்குள் வீங்குமாம், குறட்டை வருமாம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் அக்கா குறட்டை விடமாட்டாள் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். முதல் வரியை மட்டும் அடிக்க வேண்டாம்.

இப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். அத்தை எடுத்தார். "தூங்குறான்மா. உழைச்ச களைப்பு." அவர் சொல்லியிருக்கவே வேண்டாம், எனக்கே கேட்டது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா, இன்னும் லைனில்தான் இருக்கிறேன்.

எழுப்புங்க அத்தை.