ஒற்றை முட்டை வீடு

ஒரு காட்டில், அதாவது சந்தைக்குப் பின்னால் காடு என்று பேருக்கு மிச்சமிருந்த இடத்தில், பேச்சியம்மாள் என்றொரு காக்கை வேப்பமரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தது. கேபிள் வயர், துணி மாட்டும் ஹேங்கர், உடைந்த வளையல், சாக்லேட் தாள் என்று கண்ணில் பட்டதெல்லாம் அந்தக் கூட்டில் இருந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் இட்லிக் கடையிலிருந்து தூக்கி வந்த கரண்டி நடுவில் செருகியிருந்தது. பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறந்தாலும் அந்தக் கூட்டிலிருந்த மூன்று முட்டைகளும் அசையாது.

எதிர்க்கிளையில் சுகந்தி என்ற புறா எட்டே சுள்ளிகளில் வீட்டை முடித்துவிட்டது. சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. கீழே நின்று அண்ணாந்தால் சந்து வழியாக முட்டை தெரியும். யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போட, செல்போன் செல்போனாக ‘எளிமையான இல்லம்’ என்று ஒரே புகழ்ச்சி. அணிலும் உடும்பும் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஒருநாள் காற்றில் சுகந்தியின் இரண்டு முட்டைகளில் ஒன்று விழுந்து உடைந்தது. “இப்பதான் இன்னும் எடுப்பா இருக்கு” என்று வரிசை நீண்டது.

பேச்சியம்மாளுக்கு வயிறு எரிந்தது. வீட்டு அலங்கார நிபுணர் நளினா என்ற குயிலை வரவழைத்தது. ஏழு தலைமுறையாக வீடே கட்டாத குடும்பம் அது. அதனால் வீட்டைப் பற்றி அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை.

குயில் படிவத்தை விரித்தது. “முட்டை எத்தனைக்கா?”

“மூணு.”

“மூணா!” என்று உச்சுக்கொட்டி எழுதிக்கொண்டது. “முதல்ல இந்தக் கரண்டியைத் தூக்கிப் போடுங்க.”

“அது அவரு ஆசையா கொண்டாந்தது மேடம்.”

“அப்ப சுகந்தி வீட்டையே எல்லாரும் பாக்கட்டும்.”

கரண்டி விழுந்தது. வயரும் வளையலும் பின்னாலேயே போயின. “போட்டோ எடுக்கையில வீட்டு ஆளுங்க இருந்தா எடுபடாது. ஒரு சுத்து போயிட்டு வாங்கக்கா” என்றது குயில்.

பேச்சியம்மாள் திரும்பி வந்தபோது வெற்றுக் கூட்டின் நடுவில் ஒரே ஒரு முட்டை இருந்தது. பழக்கமில்லாத முட்டை.

“என் முட்டைங்க எங்க?”

“கசகசன்னு இருந்துச்சு, எடுத்துட்டேன். ஒண்ணு இருந்தாத்தான் கண்ணு அதுல நிக்கும்.”

பேச்சியம்மாள் கதறி அழ அலகைத் திறந்தது. அதற்குள் கீழே, “அடேயப்பா, என்ன வீடு!” என்று குரல்கள் எழுந்தன. சுகந்தியின் வரிசை அப்படியே வேப்பமரத்தடிக்கு இடம்பெயர்ந்திருந்தது. திறந்த அலகால் பேச்சியம்மாள் சொன்னது: “தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க.”

முட்டை பொரிந்தது. குஞ்சு வளர்ந்து, வாயைத் திறந்து “கூ” என்றது.

“உங்க ஜாடையே இல்லையேக்கா?” என்று கேட்டது சுகந்தி.

“வீட்டுக்குப் பொருத்தமா இருக்குல்ல? அது போதும்.”

நீதி: பிள்ளை யாருடையதாக இருந்தால் என்ன, பின்னணி வெறிச்சென்று இருக்க வேண்டும்.