பன்னிரண்டாவது ஸ்லைடு

தீயை அணைப்பது தண்ணீர் என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டை அந்தக் கட்டத்தை என்றோ தாண்டிவிட்டது. அங்கே தீயை அணைப்பது பவர்பாயிண்ட். ஸ்லைடுக்கு ஐந்து வரி, ஓரத்தில் கம்பெனி முத்திரை, கடைசியில் ‘நன்றி’. இதற்குமேல் எந்தத் தீயால் தாக்குப்பிடிக்க முடியும்?

இந்த மகத்தான கலையில் இறங்கும் வாய்ப்பு உத்தனப்பள்ளி யுவஸ்ரீக்கு வாய்த்தது. தொழிற் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று சேஃப்டி ஆபீசர் வேலைக்கு அவளை அழைத்திருந்தது. ‘தீப் பாதுகாப்புப் பயிற்சி குறித்த பதினைந்து நிமிட விளக்கக்காட்சியுடன் வரவும்’ என்றது கடிதம். அதே கம்பெனியின் பேக்கிங் ஹாலில் அவள் அம்மா செல்லி பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. கடிதம் அதைக் கேட்கவில்லை. யுவஸ்ரீயும் சொல்லவில்லை.

நான்கு நாள் உழைத்தாள். தலைப்பைச் சுற்றி ஜுவாலை ஆடவைப்பதற்கே ஒரு நாள் போயிற்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நான்கும் புழங்கும் தொழிற்சாலை அது. யாருக்கும் பாரபட்சம் ஆகிவிடக் கூடாது என்பதால், எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியாத ஆங்கிலத்தில் ஸ்லைடுகளைத் தயாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அரிசி டிரம்மின் மேல் லேப்டாப். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த செல்லிதான் தேர்வுக் குழு. பதினோராவது ஸ்லைடில் ஓர் ஆள் பச்சைக் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

“தீப்பிடிச்சா பதறக் கூடாது. பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சி எக்ஸிட் வழியா வெளிய போயிடணும்,” என்றாள் யுவஸ்ரீ.

“இந்தாளு படம் எங்க ஹால்லயும் ஒட்டிக்கினு இருக்குதுடி. பின்கதவு மேல.”

“அதான்மா எக்ஸிட்.”

“அது பூட்டிக்கினு இல்ல இருக்குது!”

“பூட்டா? எதுக்கு?”

“தொறந்து வுட்டா டீ குடிக்க ஓடிடுவோமாம். சாவி மானேஜர் ரூம்ல. ஆயுத பூஜைக்குத் தொறந்து கழுவி, பூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மறுபடி பூட்டிடுவாங்க.” செல்லி ஓர் அவரைக்காயை ஒடித்தாள். “அந்த ஓடுற ஆளு எங்க போவான், பாவம்?”

யுவஸ்ரீ கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த ஹாலில் அறுபது பெண்கள். கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அன்றைக்கே பன்னிரண்டாவது ஸ்லைடைச் செய்தாள். பூட்டிய கதவு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, கீழே ‘அவசர வழியைப் பூட்டுவது குற்றம்’ என்று ஒரு வரி. அதை மட்டும் தமிழில் எழுதினாள்.

நேர்காணலில் தேர்வுக் குழுவின் தலைவர் மானேஜர் பரமசிவம், மதுரைப் பக்கத்துக்காரர். பதினோரு ஸ்லைடுக்கும் தலையாட்டினார். ஜுவாலை ஆடியபோது கைகூடத் தட்டினார். பன்னிரண்டாவது வந்ததும் தலையாட்டுவதை நிறுத்தினார்.

“இது நம்ம கம்பெனியவா சொல்றீங்க?”

‘ஆமாம் சார்’ என்ற பதில் காலையில் பஸ் ஏறும்போதுகூட அவளிடம் இருந்தது.

“இல்ல சார். பொதுவா...”

“அதானே பாத்தேன்! சேஃப்டின்னா பாசிட்டிவா இருக்கணும்மா. பூட்டு, குத்தம்னு எழுதிப் போட்டா தொழிலாளிக பயந்துருவாக. ‘கட்டுப்படுத்தப்பட்ட வெளியேறும் வழி’ன்னு போடுங்க. அந்தச் செவப்பு பெருக்கல எடுத்துட்டு, பச்சையில ஒரு டிக்கு.”

“இப்பவேவா சார்?”

“தீ என்ன சொல்லிட்டா வரும்? ஒடனே செயல்படணும்ல?”

செயல்பட்டாள். முப்பது விநாடி. எந்தத் தீயணைப்பு வண்டியும் இத்தனை வேகத்தில் ஓர் ஆபத்தை அணைத்ததில்லை.

வேலை கிடைத்தது. பணி ஆணையில் ஏழாவது பொறுப்பு: ‘கட்டுப்படுத்தப்பட்ட வெளியேறும் வழியின் சாவிக் காப்பாளர்’. பரமசிவம் தம் கையாலேயே சாவியை வழங்க, போட்டோ எடுக்கப்பட்டது. செல்லி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். வேலை நிரந்தரமாகட்டும், முதல் வேலையாக அந்தப் பூட்டைக் கழற்றிவிடலாம் என்று யுவஸ்ரீ முடிவு செய்திருந்தாள். ஆறே மாதம்தான். அதுவரை தீ பொறுத்துக்கொள்ளாதா?

இரண்டாவது மாதம் ‘மாக் டிரில்’ நடந்தது. தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு எல்லோரும் ஓடிக்காட்டும் விழா. சர்க்குலர் ஆங்கிலத்தில், ஆபீசுக்குள் ஒட்டப்பட்டிருந்தது. லாரி காத்திருந்ததால் பேக்கிங் பிரிவுக்கு மட்டும் ‘விலக்கு’. சங்கு ஒலித்ததும் ஆபீஸ்காரர்கள் டீ டம்ளரோடு நடந்து, நாற்பத்திரண்டு விநாடியில் மைதானம் சேர்ந்து உயிர் பிழைத்தார்கள்.

அப்போது பேக்கிங் ஹாலின் பின்கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. இது பொய்த் தீ என்று அந்த அறுபது பேருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முன்வாசலையோ லாரிக்கு ஏற்ற வேண்டிய பெட்டிகள் அடைத்திருந்தன. தட்டல் அடியாக மாறியது. கதவு அதிர்ந்தது. யுவஸ்ரீயின் கை சாவி இருந்த பாக்கெட்டுக்குள் போயிற்று.

“தொறக்காதீங்கம்மா,” என்றார் பரமசிவம். “நாப்பத்திரெண்டு செகண்டு, ரெக்கார்டு! அவுகளையும் சேத்தா நேரம் எகிறிரும். உள்ள சூப்பர்வைசர் சொல்லிக்கிருவாரு.”

கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டு நிமிடத்தில் சத்தம் ஓய்ந்தது. ‘விலக்கு அளிக்கப்பட்ட பிரிவினரும் வெளியேறுவதில் மிகுந்த ஆர்வம் காட்டினர்’ என்று அறிக்கை எழுதினாள். பரமசிவம் அந்த வரியைப் பாராட்டினார்.

சாயங்காலம் வீட்டில் செல்லி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன.

“அது சும்மா டிரில்லும்மா,” என்றாள் யுவஸ்ரீ, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“எங்களுக்குத் தெரியாதேடி. எல்லாரும் அழுவுறாங்க. நாந்தான் தைரியம் சொல்லிக்கினு இருந்தேன்.”

“என்னான்னு?”

“‘யாரும் பயப்படாதீங்க. சாவி எம்பொண்ணு கிட்டதான் இருக்குது. இப்பத் தொறந்துடுவா’ன்னு.”