டைம்கீப்பர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரன்

பெரம்பலூரிலேயே கூடைப்பந்து தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பந்தைக் கையால் தொட்டதே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தார். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே போனில், “டைம்கீப்பர் வூட்ல இல்லீங்க” என்றுதான் சொல்வார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம் வாட்சைக் காட்டி, “ரெண்டு நிமிஷம் லேட்டு” என்று சொன்னவர். டூட்டி முடிந்ததும் நேராக எங்கள் கிரவுண்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை ஆட்டம் மும்முரமாக இருந்தபோது பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டார். பத்துப் பேரும் நின்றுவிட்டோம். நடுவர் தன் வாயில் விசில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் எங்கள் டீம் காலியாகியிருந்தது. சீனியர்களில் ஒருத்தன் போலீசுக்கும் மூன்று பேர் சிங்கப்பூருக்கும் போய்விட, மிஞ்சியது கேப்டனான நான் மட்டும். புதுப் பையன்களை வைத்து முதலிலிருந்து டீமைக் கட்ட வேண்டும். அதில் பாயிண்ட் கார்டு யார் என்பதுதான் பெரிய கேள்வி. பந்தைக் கொண்டுபோய் மற்ற நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கிறவன் அவன். இரண்டு பேர் இருந்தார்கள். பாடாலூர் தினேஷ் மின்னல். அவன் பந்தைத் தட்டுகிற வேகத்தில் எதிராளி தன் காலையே தேடுவான். கல்லங்குறிச்சி சரவணன் நிதானம். பேச மாட்டான். பாஸ் கொடுத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவன் போலத் தள்ளி நிற்பான்.

“எனக்கு தினேஷ்தான்” என்றேன்.

டைம்கீப்பர் உதட்டைப் பிதுக்கினார். “கேப்டன், தினேசு பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி. பறந்துடும். நடுவுல கை காட்டுறவன்லாம் ரோட்லயே நிப்பான். சரவணன் டவுன் பஸ்சு. எல்லாரையும் ஏத்திக்கிட்டுதான் வருவான். லேட்டாவும், ஆனா வந்துடுவான்.”

ஒரு நோட்டை வேறு நீட்டினார். யார் கையில் பந்து எத்தனை நொடி தங்கியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சராசரியாக தினேஷுக்குப் பதினொன்று, சரவணனுக்கு மூன்று. “ஸ்டாண்டுல ஒரு வண்டி இப்புடி நின்னா நான் ஆபீசுக்கு எழுதிக் குடுத்துடுவேன்” என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு டோர்னமெண்ட். அரையிறுதியில் தினேஷ் தனியாளாக இருபது பாயிண்ட் எடுத்தான். மற்ற நாலு பேரும் கையைக் காட்டிக்கொண்டே ஓடினோம். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதினாலு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். டைம்கீப்பருக்குப் பொறுக்கவில்லை. “கேப்டன், சரவணன எறக்குங்க” என்று கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போனது.

“பஸ்சுக்கு டைம் போடுறதோட நிறுத்திக்கங்க. இனிமே கிரவுண்டு பக்கம் வராதீங்க” என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது.

வாட்சைப் பார்த்தபடியே திரும்பி நடந்தார். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே சரவணனை நான் கடைசிவரை இறக்கவில்லை. தோற்றோம்.

அடுத்த சீசனில் தினேஷ் சென்னையில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டான். சரவணனைத் தேடிப் போனேன். ஜெயங்கொண்டத்தில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்து ஸ்கிரீன் மாற்றிக்கொண்டிருந்தான். “நம்மள எறக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. அதான் வுட்டுட்டேன்” என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டைம்கீப்பரை அதற்குள் அரியலூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

“நீங்க சொன்னதுதாண்ணே சரி” என்றேன்.

“சரியா இருந்து என்ன பண்றது. பையன் ஆடலியே” என்றார்.

“கிரவுண்டுக்கு வாங்கண்ணே.”

“பாப்போம் கேப்டன்.”

அவர் வரவேயில்லை. சில மாதத்தில் ரிட்டயராகி மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போன அன்றைக்கு அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பெரம்பலூர் வண்டியில் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து என்னை உட்கார வைத்தார். தான் இறங்கும்போது கண்டக்டரிடம், “நம்ம வூட்டுப் பையன். பாத்துக் கூட்டிட்டுப் போங்க” என்றார். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் போய்வருகிறவன் நான். அதைச் சொல்லாமல், கண்டக்டரைப் பார்த்துத் தலையாட்டினேன்.