பேய்ப்படம் பரிந்துரைக்கும் பெருந்தகை

ஈகை பெரிது. ஊருக்குக் குளம் வெட்டியவனையும் உண்ட சோற்றில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திப் புகழ்ந்தது நம் மரபு. கேட்டபின் கொடுப்பது இரண்டாந்தரம். கேளாமல் கொடுப்பதே கொடை. இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு தேடினால், இன்று அமெரிக்க நாட்டில் வாழும் தமிழ் வள்ளல்களுள் முதலிடம் பெறத் தக்கவர், ஹாலோவீன் என்னும் பேய்த் திருநாள் நெருங்கும் அக்டோபர் நாள்களில் நமக்குப் பேய்ப்படம் பரிந்துரைக்கும் பெருந்தகையே ஆவார்.

அவரை உங்களுக்குத் தெரியும். மளிகைக் கடை வாசலில் பூசணிக்காய்கள் குவியத் தொடங்கி, பக்கத்து வீட்டுப் புல்வெளியில் பன்னிரண்டடி எலும்புக்கூடு ஒன்று மின்சாரத்தின் அருளால் கண் சிமிட்டத் தொடங்கும் அதே வாரத்தில், ஆண்டு முழுவதும் மென்பொருள் எழுதிக்கொண்டு சாதுவாக இருந்த அவர், கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டவரைப் போல வேறொரு தேசு பெற்று, வாட்ஸ்அப் குழுவில் பட்டியலோடு எழுந்தருளுவார். முப்பத்தோரு நாளுக்கு முப்பத்தோரு படம். யார் கேட்டார்கள்? மழையை யார் கேட்டார்கள்?

"அந்தக் கொரியன் படம் பார்த்தாச்சா?" என்பது அவருடைய முகமன். பார்த்தாயிற்று என்றால், "டப்பிங்கா, சப்டைட்டிலா?" என்பார். டப்பிங் என்றால் நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். பார்க்கவில்லை என்று நேராகவே ஒப்புக்கொண்டாலோ, காசிக்குப் போயும் கங்கையில் இறங்காமல் திரும்பியவனைப் பார்ப்பது போல ஓர் இரக்கப் பார்வை பார்த்து, "ஃபர்ஸ்ட் நாப்பது நிமிஷம் கொஞ்சம் ஸ்லோ. பொறுத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஸ்பாய்லர் ஆயிடும். அந்தப் பொண்ணு தொட்டில் பக்கம் போறப்ப மட்டும் கண்ணாடியைக் கவனிங்க" என்பார். சொல்லாமல் விட்டது படத்தின் பெயர் ஒன்றுதான். அதையும் பிறகு மூன்று முறை அனுப்பி வைப்பார்.

படங்களை அவர் இங்குள்ள இந்திய உணவகங்களின் முறைப்படி மூவகையாகப் பகுப்பார்: மைல்ட், மீடியம், இண்டியன் ஸ்பைஸி. பகுப்பில் குறையில்லை. பகுப்பவரின் நாக்குதான் இருபது ஆண்டுக் காரத்தில் மரத்துப் போனது. அவர் மைல்ட் என்று சொன்ன ஒன்றைப் பார்த்துவிட்டு, கலிபோர்னியாவின் சான் ரமோனில் உள்ள என் உறவினர் ஒருவர் ஒரு வாரம் குளியலறைத் திரையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளித்தார்.

நீங்கள் சமயப் பற்றுள்ளவரானால் தப்பிவிடலாம் என்று எண்ணலாம். சுடலையில் ஆடும் பெருமானைச் சூழ்ந்து நிற்பவை பேய்க்கணங்கள்தாமே, அவன் அடியார்க்குப் பேயால் ஆவதென்ன, படமெல்லாம் எதற்கு என்று நீறணிந்த நெற்றியோடு நிமிர்ந்து சொல்லலாம். சொல்லிப் பாருங்கள். "சூப்பர் சார்! சுடுகாடுன்னதும் ஞாபகம் வருது, ஒரு தாய்லாந்து படம் இருக்கு" என்பார்.

இன்னும் அருளுடையவரானால் தாமே உங்கள் வீட்டுக்கு வந்து உடனமர்ந்து பார்ப்பார். திரையில் கதவு மெல்லத் திறக்கும். நீங்கள் திரையைப் பார்ப்பீர்கள். அவர் உங்களைப் பார்ப்பார். முதல் அன்னம் ஊட்டிய தாய் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது போன்ற பார்வை அது. நீங்கள் அலறினால் அவருக்கு உணவு செரிக்கும். அலறாவிட்டால், "வால்யூம் கம்மியா இருக்கோ?" என்று ரிமோட்டைத் தேடுவார்.

இத்தகையோர் டெக்சஸ் மாநிலத்து இர்விங்கிலும் உளர், எங்கும் உளர். நான் அறிந்தவர் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் வாழும் ஜம்புநாதன். அவர் கொடைத் திறத்தால் ஒரு குடும்பம் வீடிழக்க இருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வெங்கடகிருஷ்ணனும் அவர் மனைவி விஷாகாவும் அருகில் ஓர் அபார்ட்மென்டின் இரண்டாம் தளத்தில் குடியிருப்பவர்கள். இரண்டு ஆண்டுகளாக வீடு தேடினார்கள். பதினான்கு வீடுகளுக்கு விலை சொல்லி, பதினான்கையும் பிறர் கொண்டுபோகக் கண்டார்கள். பதினைந்தாவது வீடு கிடைத்தது. வாசல் கிழக்கு, அடுப்பு தென்கிழக்கு, வடகிழக்கில் பூசைக்கு ஓர் இடம், நடக்கும் தொலைவில் மகள் படிக்கும் பள்ளி. ஒரு வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்தான பின் மூன்று வேலை நாள்கள் வழக்கறிஞர்களின் பார்வைக்கு விடுவார்கள். அதற்குள் வேண்டாமென்று எழுதி அனுப்பினால் ஒப்பந்தம் இல்லை. ஆக, புதன்கிழமை மாலை வரை வீடு அவர்களுடையதும் ஆகும், அல்லாததும் ஆகும்.

இடையில் வந்த சனிக்கிழமை நண்பகலில், வாழ்த்திச் சோறு போடுவதற்காக ஜம்புநாதன் அவர்களை அழைத்தார். தலைவாழை இலை, வடை, பாயசம். பாயசம் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"வீடு கிடைச்ச சந்தோஷத்துல ஒரு படம் பாருங்க. ஸ்பானிஷ். ஒரு ஃபேமிலி புது வீடு வாங்கறாங்க. உங்களுக்கு ரொம்ப ரிலேட் ஆகும்" என்றார் ஜம்புநாதன்.

"பயமா இருக்குமா அண்ணா?" என்றாள் விஷாகா.

"சேச்சே. மீடியம்."

ஞாயிறு பகலில் பார்த்தார்கள். திங்கள் காலை, பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தில் நியூ யார்க் ரயிலுக்காக நின்றிருந்த ஜம்புநாதனை நோக்கி, சவரம் செய்யாத முகத்தோடு வெங்கடகிருஷ்ணன் வந்தார்.

"அண்ணா, என்ன படம்ணா அது?"

"பார்த்துட்டியா? எப்படி?"

"அந்த வீட்டுல பேஸ்மென்ட்ல வாட்டர் ஹீட்டர் பின்னாடி ஒரு சின்னக் கதவு வருதுல்ல?"

"அதானே படமே! அதுல நகம் பிறாண்டற சவுண்ட் வரும் பாரு…"

"அண்ணா, நாங்க வாங்கற வீட்டுலயும் வாட்டர் ஹீட்டர் பின்னாடி ஒரு சின்னக் கதவு இருக்கு. வீட்டைப் பார்க்க ஓபன் ஹவுஸ் போனப்ப எடுத்த போட்டோவை விஷாகா ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் பார்க்கறா. லாயருக்கு கேன்சல் மெயில் போடுங்கறா. வெட்னஸ்டே வரைக்கும்தான் டைம். நான் என்ன பண்றது?"

ஜம்புநாதன் முகத்தில் கவலை படர்ந்தது. அதற்கு முந்திய ஒரு கணத்தில் வேறொன்று படர்ந்ததை நான் மறைப்பதற்கில்லை.

"நிஜமாவே அவ்வளவு பயந்துட்டாங்களா?" என்றார்.

அச்சம் பிறக்கும் வாயில்கள் நான்கு என்று முன்னோர் எண்ணி வைத்தார்கள்: தெய்வம், விலங்கு, கள்வர், அரசர். நியூ ஜெர்சியைக் கண்டிருந்தால் ஐந்தாவதாகப் பேஸ்மென்டையும் சேர்த்திருப்பார்கள். தரைக்கு அடியில் வீட்டின் பாதி கிடக்கும். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த வேதனை புரியாது. அவர்களுக்கு நில நடுக்கம் போதும்.

வீட்டில் ஜம்புநாதனின் மனைவி தென்றல், பெயருக்கு மாறாக வீசினாள்.

"ரெண்டு வருஷமா நாய் படாத பாடு பட்டு ஒரு வீடு கிடைச்சிருக்கு அவங்களுக்கு. நீங்க பாயசத்தோட பேயையும் சேர்த்து ஊத்திட்டீங்க. போய் சரி பண்ணிட்டு வாங்க. அது வரைக்கும் டிவி ரிமோட் என்கிட்ட இருக்கும்."

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு ஜம்புநாதன் அவர்கள் அபார்ட்மென்டுக்குப் போனார். விஷாகா மடிக்கணினியோடு அமர்ந்திருந்தாள். வழக்கறிஞருக்கு எழுதிய மின்னஞ்சல் அனுப்பும் நிலையில் திறந்திருந்தது. வெங்கடகிருஷ்ணன் அதை, அறுவைச் சிகிச்சை அறைக் கதவைப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விஷாகா, அது வெறும் க்ரால் ஸ்பேஸ்மா. பைப்பெல்லாம் போகும். எல்லா வீட்டுலயும் இருக்கும்."

"படத்துலயும் வீடு விக்கற ரியல்டர் அதையேதான் சொன்னான்."

"சரி, ஒரு கணபதி ஹோமம் பண்ணிடலாம். வாத்தியாரை நானே கூட்டிட்டு வரேன்."

"அதுலயும் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணாரே. அவருக்கு என்ன ஆச்சு?"

இங்கே வாய் மூடியிருந்தால் அவர் வேறு இனத்தவர். "அவரைத்தானேமா ஃபர்ஸ்ட்…" என்று தொடங்கிவிட்டு, வெங்கடகிருஷ்ணனின் முகத்தைக் கண்டு நிறுத்தினார்.

விஷாகாவின் விரல் விசையை நோக்கி நகர்ந்தது.

வாசக அன்பரே, மருத்துவன் திகைத்தால் மருந்தை மாற்றுவான். வழக்கறிஞன் திகைத்தால் வாய்தா கேட்பான். பரிந்துரைப்பவன் திகைத்தால் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்வான்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் பாருமா. மனசு லேசாயிடும். இதுல பேஸ்மென்ட்டே கிடையாது. சத்தியமா. எல்லாமே அபார்ட்மென்ட்லதான் நடக்குது. மைல்ட்."

"அண்ணா, போதும்ணா!" என்று வெங்கடகிருஷ்ணன் கும்பிட்டார். ஆனால் பேஸ்மென்ட் கிடையாது என்ற சொல் விஷாகாவின் காதில் தேனாகப் பாய்ந்திருந்தது. ஜம்புநாதன் பேய்க்கு மாற்றாகப் பேயை ஏவும் சூழ்ச்சியோடு இதைச் சொன்னார் என்று எண்ணிவிட வேண்டா. அவ்வளவு கூர்மையை அவர்மேல் ஏற்றுவது அவர் ஈகைக்குச் செய்யும் அவமதிப்பு. கை நீண்டது, கொடுத்தார், எழுந்து போனார்.

படத்தின் கதை சிறிது. ஒரு பெண் அபார்ட்மென்டில் குடியிருக்கிறாள். நாள்தோறும் மாலையில் அவள் தலைக்கு மேல் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் போய் முறையிடுகிறாள். மேல் வீடு காலியாகி ஓராண்டு ஆகிறது என்கிறார்கள்.

புதன் காலை ஏழு மணிக்கு ஜம்புநாதனின் கைபேசி ஒலித்தது. விஷாகா.

"அண்ணா, எங்க மேல் ஃபிளாட் ஆகஸ்ட்ல இருந்து காலிதான்."

"அப்படியா? எனக்குத் தெரியாதேமா."

"நேத்து சாயங்காலம் சத்தம் கேட்டுது."

"ஏதாவது பைப்பா இருக்கும்…"

"பைப்பெல்லாம் வேணாம்ணா. லாயர்கிட்ட பேசிட்டேன், கான்ட்ராக்ட் ஓகேன்னுட்டேன். சாவி கைக்கு வர்ற க்ளோசிங் தேதியை இன்னும் முன்னாடி தள்ள முடியுமான்னு வெங்கட் கேட்டுட்டிருக்காரு. கீழ இருக்கறதுக்குக் கதவுல பூட்டுப் போடலாம். தலைக்கு மேல இருக்கறதை என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

மறுக்க முடியாத தர்க்கம். வீடு நின்றது. ரிமோட் திரும்பியது. ஜம்புநாதனுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே: "அந்த லிஃப்ட் சீன் எப்படி?"

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். வெயில் சாயும் முன்னே பிள்ளைகள் வாளி ஏந்தி வீடு வீடாக வந்தார்கள். ஜம்புநாதன் வாசலில் மிட்டாய்த் தட்டோடு அமர்ந்திருந்தார். சூனியக்காரி வேடமிட்ட மகளோடு விஷாகா வந்தாள். உடன், அதே அபார்ட்மென்டில் அவர்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் நசீமாவும் தன் மகனோடு வந்தாள். பிள்ளைகள் தட்டில் கை விட்டுக்கொண்டிருக்க, விஷாகாவின் குரல் கேட்டது.

"நசீமா, நீ அந்த அபார்ட்மென்ட் படம் பார்த்தியா? பார்க்கலையா! ஐயோ! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த லிஃப்ட் மூணாவது மாடில நிக்கறப்ப மட்டும் கவனி."

"பயமா இருக்குமா?"

"சேச்சே. மைல்ட்."

"நீ வீடு வாங்கிட்டுப் போயிடுவே" என்றாள் நசீமா. "எனக்கு மேல காலியாகப் போறது உன் ஃபிளாட்தானேடி?"

விஷாகா நசீமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஜம்புநாதன் கண்டார். தம் குலத்துக்கு ஒரு வழித்தோன்றல் வாய்த்த பூரிப்பில், பிள்ளைகளுக்கு இன்னொரு கைப்பிடி மிட்டாய் அள்ளிப் போட்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்த அன்பரே, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்களுக்குப் பேய்ப்படமே ஆகாது; ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் பல் மருத்துவரையும் ஏர் ஃப்ரையரையும் முட்டி வலித் தைலத்தையும் மட்டுமே பரிந்துரைப்பவர், அதுவும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை வாசிக்கையில் நடுவில் ஓரிடத்தில், 'இதை அவருக்கு அனுப்ப வேண்டும், கட்டாயம் படிக்கச் சொல்ல வேண்டும், அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்' என்று யாரோ ஒருவரை நினைத்தீர்களே, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? சரி, அனுப்புங்கள். கூடவே, முதல் இரண்டு பத்தி கொஞ்சம் ஸ்லோ என்றும் சொல்லிவிடுங்கள்.

வாழ்க உங்கள் மனை. நிறைக உங்கள் அடுக்களை. உங்கள் மேல்மாடியில் நல்லவர் குடியிருப்பாராக. உங்கள் நிலவறையில் அரிசி மூட்டையன்றி வேறெதுவும் அசையாதிருப்பதாக. உங்கள் சொல்லை நம்பி விளக்கணைத்து அமர்பவர் எல்லாம், விளக்கேற்றி எழுந்த பின்னும் உங்களோடு பேசுவாராக.