பதின்மூன்றாம் கோட்டை முற்றுகை

வாழி, மவுஸேந்திய வலக்கையன்! வாழி, சுழல்நாற்காலி அரியணையன், மூக்குக்கண்ணாடிக் கவசன், முதுகுவலியோடு நாளும் பொருதும் முதுமறவன்! ‘கோட்டை பதின்மூன்று’ என்னும் கணினிப் போர்விளையாட்டைத் தன் பத்து விரல்களால் படைத்து, எண்ணற்ற மாணவரின் தேர்வு மதிப்பெண்களைச் சூறையாடிய அப்பெருந்தகை, தான் கட்டிய கடைசிக் கோட்டையைத் தானே பிடிக்கப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பாடப் புகுந்தோம். கேட்போர் தத்தம் கைப்பேசியைச் சற்றுக் கவிழ்த்து வைக்கக் கடவர்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தையற்கடையின் மாடியறையில், கீழே எட்டு இயந்திரங்கள் போர்முரசென அதிர, மேலே நம் தலைவன் கோட்டைகளையும் யானைப்படைகளையும் தானியக் களஞ்சியங்களையும் எழுதிக் குவித்தான். எழுதியதை விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது அவன் தங்கையின் பொறுப்பு. மருந்துக்கடையில் இருப்புப் பார்ப்பவள் அவள். எறும்பு இழுத்துப்போன மாத்திரைக்கும் விளக்கம் கேட்பவள். பன்னிரண்டு கோட்டைகளை ஊதித் தள்ளியவள், பதின்மூன்றாவதை ஒரு வாரம் முற்றுகையிட்டுவிட்டு வந்து சொன்னாள்.

“அண்ணா, உள்ள இருக்கறவங்க தின்னுக்கிட்டே இருக்காங்க, தானியம் மட்டும் குறையவே இல்ல. எதையோ எழுதாம விட்டுட்டே.”

தலைவனின் மீசை துடித்தது. “என் எழுத்தில் பிழையா! அக்கோட்டைக்கும் ஒரு வழி உண்டு, அறிவுடையோர் காண்பர்!” என்று தையல் இயந்திரங்கள் திடுக்கிட முழங்கினான். முழங்கியதோடு விட்டானா? விளையாட்டு விற்கும் பெட்டியின் முதுகிலும் அதையே அச்சடித்தான். தங்கை அன்றோடு விளையாடிப் பார்ப்பதை நிறுத்தினாள். அதன்பின் அண்ணனும் தங்கையும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினார்கள். அந்தக் கோட்டையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

விளையாட்டோ பிறவிமேல் பிறவி எடுத்தது. பிளாப்பித் தட்டில் பிறந்தது சிடியில் மறுபிறவி எடுத்தபோது வீரர்களுக்கு மீசை முளைத்தது. மூன்றாம் பிறவி கைப்பேசியில். முளைத்த மீசை கண்ணுக்குத் தெரியவில்லை. நான்காம் பிறவிக்குத் தங்கநிறப் பெட்டி, உள்ளே அதே பழைய சரக்கு. எல்லாப் பிறவியிலும் பதின்மூன்றாம் கோட்டை மட்டும் விழாமல் நின்றது. அதன் இரகசிய வழியை ஆராய அன்பர்கள் சங்கம் கண்டார்கள். வடக்குவாசல் கட்சி, தெற்குவாசல் கட்சி என்று சங்கம் இரண்டாகப் பிளந்தது. வழி எதுவென்று கேட்டவர்க்கெல்லாம் படைத்தவன் புன்னகை ஒன்றையே அருளினான், வழி அவனுக்கும் தெரியாததால்.

இப்போது ஐந்தாம் பிறவி. வெளியீட்டு நாளில் காட்டுவதற்கு, படைத்தவரே கடைசிக் கோட்டையைப் பிடிக்கும் காட்சியைப் படமெடுக்க வேண்டும், மூன்று மணிக்கு அழைக்கிறோம் என்றது விளையாட்டை வெளியிடும் கம்பெனி. தலைவன் தங்கையை வரவழைத்தான்.

“மூணு மணிக்குள்ள பிடிச்சுக் காட்டறேன். பிடிச்சா, அன்னிக்கு சொன்னத நீ வாபஸ் வாங்கணும்.”

“பிடிக்கலன்னா?”

“தப்பு என்னோடதுன்னு என் வாயாலயே சொல்றேன்.”

அவள் வாசலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

மூண்டது போர்! வடக்கு வாசலில் யானைகள் பிளிற, தெற்கு வாசலில் ஏணிகள் நிமிர, அகழியைத் தூர்த்து, மதிலைக் குடைந்து, பட்ட தேர்களுக்குப் பதில் புதுத்தேர் விட்டு, வலதுகைக்கு வலிவந்தபோது இடதுகைக்கு மாறி, ஆறவைத்த காபியை மறந்து, மறந்த காபியை முழங்கையால் தட்டி, தட்டியதைத் தன் சட்டையாலேயே துடைத்து, ஆட்டக் கணக்கில் பதினோர் ஆண்டுகள் அசையாது முற்றுகையிட்டான் அம்மாவீரன். பிறகு எதிரியின் களஞ்சியத்தை ஒற்றறிந்தான். முதல்நாள் நானூறு மூட்டை இருந்தது. இப்போதும் நானூறு மூட்டை இருந்தது.

பரணிலிருந்து பழைய அச்சுத்தாள் கட்டு இறங்கியது. தும்மிக்கொண்டே புரட்டினான். உண்ண உண்ணத் தானியத்தைக் கழிக்கும் வரியைப் பன்னிரண்டு கோட்டைகளுக்கும் தனித்தனியே எழுதியிருந்தான். பதின்மூன்றாவதற்கு அந்த வரி இல்லை. கெடுவுக்கு முந்தின நாள் அவசர அவசரமாக எழுதிய பக்கம் அது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மணி மூன்று. கம்பெனி மேலாளர் அழைத்தார். கோட்டையில் ஒரு பிழை இருக்கிறது, ஒரே வரியில் திருத்திவிடலாம் என்றான் தலைவன்.

மேலாளர் பதறிப்போனார். “ஐயோ சார், அதைத் தொட்டுடாதீங்க! ‘எவராலும் விழாத கோட்டை’ன்னு பெட்டி அச்சாயிடுச்சு. நீங்க தோக்கற மாதிரியே படம் எடுத்துக்கறோம், இன்னும் ஜோரா இருக்கும்.”

ஆகா! பிழை பெருமையாயிற்று! விட்டுப்போன ஒருவரி, விற்பனையின் திருவரி ஆயிற்று! தப்பியோட ஒரு வாசல் அகலத் திறந்ததைக் கண்ட தலைவன், சட்டையில் காபிக்கறை வெற்றிப்பதக்கமாய் ஒளிர, சுழல்நாற்காலி கிறீச்சிட எழுந்து, தொண்டையைச் செருமி, இருபத்திரண்டாண்டுப் பழைய முழக்கத்தை இன்னொருமுறை முழங்க வாயெடுத்தான். வாசலோரம் தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னது சரிதான்” என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தான்.