எந்த மெஷினை முதலில் எழுப்புவது?

“என் மெஷினை விற்பனைப் பிரிவு மெஷினுக்கு அப்புறம் எழுப்ப உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

திங்கட்கிழமை காலை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கணக்குப் பிரிவுத் தலைவர் வந்து நின்றுவிட்டார். கையில் அச்செடுத்த அறிக்கை.

அவர் வந்து நின்றது ‘பேக்கப்’பின் முன்னால். அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் தனித்தனியாக இருப்பதுபோல் அது உள்ளுக்குள் பாவனை செய்துகொண்டிருந்தது. அந்தப் பாவனைக்குத்தான் விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். சனிக்கிழமைதோறும் பேக்கப் தனியாக வந்து, ஒவ்வொன்றாக அணைத்து, நகல் எடுத்து, மறுபடி எழுப்பிவிட்டுப் போவார். ஊரில் உள்ளவர்கள் கல்யாணம் வைப்பதும் அதே சனிக்கிழமையில்தான்.

“ஏங்க, எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரலை. அக்கா வீட்டு விசேஷத்துக்கு வரலை,” என்றாள் மனைவி, சில நாளுக்கு முன்பு. “இப்போ தங்கச்சி கல்யாணம். இதுக்கும் வரலைன்னா குடும்ப ஃபோட்டோவுல உங்க இடத்துல ஒரு நாற்காலியைப் போட்டு எடுத்துக்கறோம். அதுவாவது ஆடாம அசையாம நிக்கும்.”

பேக்கப்புக்குச் சுருக்கென்றது. நேராக மேனேஜரிடம் போனார். எல்லாவற்றையும் தானே அணைத்து, தானே நகலெடுத்து, தானே எழுப்பும் ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதப்போவதாகச் சொன்னார்.

“எழுதுங்க. ஒரு சனிக்கிழமை புகார் இல்லாம ஓடட்டும், லீவு தர்றேன்,” என்றார் மேனேஜர். புகார் இல்லாத சனிக்கிழமையை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. அந்தத் தைரியம்.

ஸ்கிரிப்ட் அருமையாக ஓடியது. பேக்கப் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். எந்த மெஷின் எந்த வரிசையில் எழுந்தது என்று எல்லாத் தலைவர்களுக்கும் ஓர் அறிக்கை போகும்படி செய்துவைத்தார். வம்பை விலை கொடுத்து வாங்குவது என்பது இதுதான்.

“சார், எல்லாமே நிமிஷத்துல எழுந்துடுச்சு சார்,” என்றார் பேக்கப், அறிக்கையோடு நின்ற கணக்குத் தலைவரிடம்.

“நிமிஷத்தை விடுங்க. வரிசையைச் சொல்லுங்க. நான் இங்க சேர்ந்தப்போ அந்த விற்பனையம்மா காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தாங்க!”

சரி, மூப்புதானே பிரச்சினை? அடுத்த சனிக்கிழமை மூப்பு வரிசையில் எழுப்பினார். முதலில் மேனேஜரின் மெஷின். மேனேஜர் அதை ஒருநாளும் திறந்ததில்லை என்பது வேறு விஷயம். அடுத்து கணக்கு, கிடங்கு, விற்பனை. வருகிறவர் யார் என்று பார்த்து உள்ளே விடும் லாகின் மெஷினுக்கு மட்டும் தலைவர் என்று யாரும் கிடையாது. நாதியில்லாத அது வரிசையின் வாலில் போய் நின்றது. அது எழுவதற்குள் மற்ற மெஷின்களெல்லாம் கதவைத் தட்டிப் பார்த்து, திறக்க ஆளில்லாமல், அப்படியே படுத்துவிட்டன.

விற்பனைத் தலைவி போனில் வெடித்தார். “ஆர்டர் போட உட்கார்ந்தா, நீ யாருன்னே தெரியலைங்குது! கடைசியில வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்போ ஆளே இல்லைன்னு ஆக்கிட்டீங்களே!”

முன்னால் பின்னால் என்று இருந்தால்தானே சண்டை? அதற்கடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்பினார். ஒரே குளியலறை உள்ள வீட்டில் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்த கதையாயிற்று. சர்வர் மூச்சுத் திணறி முடங்கியது.

அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாத் தலைவர்களும் அலுவலக வரலாற்றில் முதன்முறையாக ஒற்றுமையாக மேனேஜர் அறையில் கூடினார்கள்.

“என்னையும் கிடங்கையும் சமமா எழுப்பினீங்களாமே?” என்றார் மேனேஜர். “உங்க மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கீங்க?”

பேக்கப் வெறுத்துப்போனார். கல்யாணத்துக்கு முன் மிச்சமிருந்தது ஒரே சனிக்கிழமை. வீட்டில் மனைவி நாற்காலிக்குப் புதுத் துணி தைத்தாலும் தைப்பாள். யோசித்துப் பார்த்தவர், எழுப்பும் வரிசையைப் பழையபடியே சரியாக மாற்றினார்; லாகின் முதலில், மற்றவை பின்னால். அறிக்கையில் மட்டும் கைவைத்தார். பொது அறிக்கை ஒழிந்தது. ஒவ்வொரு தலைவருக்கும் தனித்தனியாக ஒரே ஒரு வரி போனது: ‘தங்கள் மெஷினே முதலில் எழுப்பப்பட்டது. பிறரிடம் பகிர வேண்டாம்.’

திங்கட்கிழமை அலுவலகமே பூத்துக் குலுங்கியது. கணக்கு விற்பனையைப் பார்த்துப் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். விற்பனை கணக்கை இரக்கத்தோடு பார்த்தார். மேனேஜர் பேனாவைத் தேடி எடுத்து லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

கல்யாண மண்டபத்துக்குள் பேக்கப் நுழைந்தபோது வாயெல்லாம் பல். “அடடே, சகலையா!” என்று வாய்பிளந்தார் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மூத்த சகலை. “ஆபீஸ்ல விட்டாங்களா?”

“தாராளமா விட்டாங்க! என் வேலையை இப்போ மெஷினே பார்த்துக்குது சகலை. நான் அங்க தேவையே இல்லை!”

சகலை ஏனோ அவர் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் விடவில்லை. சித்தி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தியில் கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறினார்கள். ‘இத்தனை நாள் வராததுக்கு இவ்வளவு பாசமா!’ என்று பேக்கப் பூரித்துப்போனார். போனை எடுத்து எல்லோரிடமும் காட்டினார். “பாருங்க, காலையிலிருந்து ஆபீஸ்லேருந்து ஒரு கால்கூட வரலை! இனிமே எல்லா விசேஷத்துக்கும் நான் வருவேன்!”

அதற்குமேல் மாமனாரால் தாங்க முடியவில்லை. மருமகனைத் தூண் மறைவுக்கு அழைத்துப்போய், தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எங்ககிட்ட எதுக்கு மாப்பிள்ளை நடிப்பு? வேலை போறது உலகத்துல நடக்காததா? பெரிய மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து பெயிண்ட் கடைக்கு வந்துடுங்க.”